ஒரு கோப்பையும் வாங்காத கிளப்

நான் ஓய்வு பெற்ற பிரெஞ்சு ஆசிரியர். சென்ற மாதம் தண்டையார்பேட்டை மைதானத்தில் நான் சொன்ன ஒரு பொய்யை இங்கே எழுதிவிடுகிறேன்.

எங்கள் பகுதிப் பெண்களின் ரக்பி அணி அன்றும் தோற்றிருந்தது. இனி ஆடுவதா, கலைந்துவிடுவதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எண்ணூர் துறைமுக வேலைக்கு வந்திருந்த ஒரு பிரெஞ்சு இன்ஜினியர், தன் சிற்றூர் ரக்பி கிளப்பின் கதையை அவர்களுக்குச் சொன்னார். அதைத் தமிழில் சொல்வது என் வேலை.

"எங்கள் கிளப் ஒரு கோப்பைகூட வாங்கியதில்லை" என்றார் அவர். தோற்ற பெண்களிடம் இதையா சொல்வது? "வருஷா வருஷம் கோப்பை வாங்கின கிளப்" என்று மாற்றிச் சொன்னேன்.

கேப்டன் தேவி பூட்ஸைக் கழற்றினாள். "ஜெயிச்சவங்களுக்கு இன்னா சார் தெரியும் நம்ம பேஜாரு? வாங்கடி, வூட்டுக்குப் போலாம்."

அவர்களை மறித்து நிறுத்தினேன். பொய்யை ஒப்புக்கொண்டு, இன்ஜினியர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் தாத்தா காலத்திலிருந்தே தோற்கும் கிளப் அது. ஆனாலும் தங்களைத் தோற்கடித்தவர்களைச் சாப்பிட வைக்காமல் அனுப்பியதில்லை.

தேவி சிரித்துவிட்டாள். "நம்மள மாதிரியே கீறாங்க! இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?" பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்த எதிரணியைப் பார்த்துக் கத்தினாள்: "யக்கா, அத்தோ துன்னுட்டுப் போங்க! அடுத்த வாட்டி உங்கள வுட மாட்டோம்!"

மைதான ஓரத்தில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் தள்ளுவண்டியை இரண்டு அணிகளும் சூழ்ந்துகொண்டன. என் தட்டில் மட்டும் ஒரு முட்டை கூடுதலாக வைக்கச் சொன்னாள் தேவி.

வெற்றிக் கதைதான் தெம்பு தரும் என்று வகுப்பறையில் எத்தனை வருடம் நம்பியிருந்தேன்! தேவியின் அணி இன்னும் தோற்கிறது. ஞாயிறுதோறும் ஆடவும் செய்கிறது. நானும் போய்விடுகிறேன்.