ஒரே முகத்துக்கு வேறு கண்ணாடி

தெருவில் அவனை ஜெராக்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். அவனுக்குச் சில நிமிஷம் முன்னால் பிறந்த அண்ணன் ஒரிஜினல். மூக்கு, முன்வழுக்கை, இடது தோளைச் சாய்த்து நடக்கும் நடை, எல்லாம் அச்சு அசல். பார்வைக் குறைவும் அப்படியே; கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா அலமாரியா என்று இருவருக்குமே தெரியாது. படைத்தவனுக்கு அன்றைக்கு வேலை செய்ய அலுப்பு போலிருக்கிறது. இருவரும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ஓடவைத்தவர்கள் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். "ஒரிஜினலுக்கே பொண்ணு கெடைக்க நாக்கு தள்ளிப்போச்சு, ஜெராக்ஸ யாரு கேக்கப்போறாங்க?" என்று சொல்லித் தம்பி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டின் பின்னறை அவனுக்குப் போதுமாக இருந்தது.

அவர்கள் கண்ணாடி வாங்கும் அழகைப் பார்க்கவேண்டும். கடையில் மாட்டிப் பார்க்கிற ஃப்ரேமில் பவர் இருக்காது. கிட்டப்பார்வைக்காரன் அதைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்றால் தன் முகமே தனக்குத் தெரியாது. மற்றவர்கள் பெண்டாட்டி சொல்வதைக் கேட்பார்கள், அல்லது விற்பவனை நம்பி மோசம் போவார்கள். இவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அண்ணன் ஃப்ரேமை மாட்டிக்கொள்வான். தம்பி தன் பழைய கண்ணாடி வழியாக அவனைப் பார்ப்பான். அவன் பார்த்துவிட்டால் இரண்டு பேருக்கும் பார்த்தாயிற்று.

"தங்கக் கம்பி எப்படிடா இருக்கு?"

"வட்டிக்கடைக்காரன் மாதிரி இருக்க. கழட்டு."

"இந்த வட்டம்?"

"ரெண்டாங் கல்யாணத்துக்கு அலையிறவன் மாதிரி இருக்கு. மானத்த வாங்காத."

கடைசியில் ஒவ்வொரு முறையும் அதே தடித்த கறுப்புச் சதுரம்தான், ஆளுக்கொன்று. அண்ணனுக்கு ஸ்டைல் மேல் கொள்ளை ஆசை. தம்பிக்கோ நாலு பேர் திரும்பிப் பார்த்தால் வியர்த்துவிடும். விட்டுக்கொடுத்தது எப்போதும் அண்ணன்தான்.

அந்த அண்ணன் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

அவனுடைய மகளுக்கு மூன்று வயது. வீட்டில் ஒரே மாதிரி இருந்த இரண்டு பேரில் ஒருவரைக் காணோம் என்று குழந்தைக்குத் தெரிந்தது. காணாமல் போனது சித்தப்பா என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். மாலையில் அவன் வந்தால் "அப்பா!" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். "நான் சித்தப்பாடா கண்ணு" என்று சொல்லிப் பார்த்தான். ஏதோ புது விளையாட்டு என்று சிரித்தாள். உள்ளதைச் சொன்னால் அவனுக்கும் அது வேண்டியிருந்தது. அவள் அப்படிக் கூப்பிடுகிற அந்த நேரத்துக்காவது அண்ணன் உயிரோடு இருந்தான்.

அண்ணியால்தான் தாங்க முடியவில்லை. அவன் உள்ளே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு சமையலறைக்குப் போய்விடுவாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க படியேறி வரும்போது ஒரு நொடி அவர்தான்னு தோணிடுது. அப்புறம் ஞாபகம் வருது. தெனமும் ஒரு தடவ அவர் சாகுறாரு. பாப்பாவும் நம்பிக்கிட்டிருக்கா. அந்தக் கண்ணாடியையாவது மாத்திக்குங்களேன்."

அவன் சரி என்று தலையாட்டினான்.

முதல் தடவையாகத் தனியாகக் கடைக்குப் போனான். விற்கிற பெண் சுறுசுறுப்பு; முகத்தைப் பார்த்தே ஐந்தாறு ஃப்ரேம்களை எடுத்துப் பரப்பிவிட்டாள்.

"எதப் போட்டா நான் வேற ஆளு மாதிரி தெரிவேன்?" என்று கேட்டான்.

"புது லுக் வேணுமா? சூப்பர் சார்! உங்க பவருக்குச் சின்ன வட்டம்தான் எடுக்கும், லென்ஸ் ஓரம் தடியாத் தெரியாது. மாட்டுங்க, நான் போன்ல படம் எடுத்துக் காட்டுறேன்."

ஒவ்வொன்றாக மாட்டிவிட்டுப் படம் எடுத்தாள். பிறகு அவன் தன் கறுப்புச் சதுரத்தைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தான். தங்கக் கம்பியில் அண்ணன். ஆமை ஓட்டு நிறத்தில் அண்ணன். வட்டத்தில் அண்ணன். வேண்டாம், கழற்று என்று இவன் சொன்னதையெல்லாம் மாட்டிக்கொண்டு, எப்படிடா இருக்கு என்று கேட்டுக்கொண்டு நின்றான்.

"புடிக்கலையா சார்?"

"எல்லாமே நல்லாத்தாம்மா இருக்கு. எல்லாமே அவனுக்கு நல்லா இருந்திருக்கும்." அதற்குமேல் அவனால் முடியவில்லை. நடுக்கடையில் நின்று அழுதான். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் லென்ஸ் துடைக்கிற துணியை எடுத்து நீட்டினாள்.

அண்ணன் ஒருநாளும் மாட்டிப் பார்க்காத ஒன்றைத்தான் எடுத்தான். நிறமே இல்லாத, மெல்லிய, ஊடுருவித் தெரிகிற ஃப்ரேம். லென்ஸ் பொருத்தி வந்த அன்று மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியைப் பார்த்தான். பளிச்சென்று ஒரு முகம் தெரிந்தது. அண்ணனில்லை. தானும் இல்லை. யாரோ ஒரு நாகரிகமான ஆசாமி, கண் மட்டும் சிவந்திருந்தது.

வீட்டுக் கதவை அண்ணி திறந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு தம்பி" என்றாள். குரல் உடைந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்த மட்டில் அவனுக்கு நிம்மதி.

உள்ளேயிருந்து ஓடிவந்த குழந்தை பாதியில் நின்றது. உற்றுப் பார்த்தது. பிறகு முகமெல்லாம் பூரித்துப்போய் அவனிடம் தாவியது.

"சித்தப்பா! அம்மா, சித்தப்பா வந்துட்டாங்க! இவ்ளோ நாளா எங்க போனீங்க?"

அவன் அவளைத் தூக்கிக்கொண்டான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தோளுக்குமேல் எட்டிப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதம்மா," என்றது குழந்தை. "அப்பா இன்னும் வரல."