பொதுத்தேர்வு போன வருஷம்

பதினோராம் வகுப்புக்கு இனிமேல் பொதுத்தேர்வு கிடையாது என்று அரசாணை வந்த அன்று, நீடாமங்கலம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் தாவரவியல் ஆசிரியை மங்கையர்க்கரசி எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்குப் பின்னாலேயே வயல் இருந்தும், இத்தனை வருஷமாக நெல்பூவைக் கரும்பலகையில்தான் வரைந்து காட்டியிருந்தார். பாடத்தை முடிக்கவே நேரம் போதாது.

தலைமையாசிரியர் கலியமூர்த்தியும் ஜாங்கிரி சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு, "பசங்களுக்குப் பயம் விட்டுடக் கூடாதுல்ல?" என்றார். தினத்தேர்வு, வாரத்தேர்வு, வாரத்தேர்வுக்கு ஒரு முன்தேர்வு என்று மறுநாளே அறிவித்தார். பிள்ளைகள் எழுதிய எழுத்தில் பாடம் நடத்த நேரமில்லாமல் போயிற்று.

சம்பா பூத்தது. நெல்பூ முற்பகலில் கொஞ்ச நேரம்தான் விரியும். அதுதான் தேர்வு நேரமும். ஒருநாள் மங்கையர்க்கரசி வினாத்தாளை மேசையிலேயே போட்டுவிட்டு வகுப்பை வயலுக்கு அழைத்துப் போனார். பிள்ளைகள் கதிர்மேல் குனிந்திருந்தபோது கலியமூர்த்தி வரப்பில் வந்து நின்றார்.

"என்ன டீச்சர், டெஸ்ட் வைக்கலையா?"

"பூ மூடிக்கும் சார். டெஸ்ட் எங்கயும் போயிடாது."

அவரும் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, எவ்வளவு அழகு! இதை அஞ்சு மார்க் கேள்வியா வெச்சிடுங்க."

பிள்ளைகள் சட்டென்று நிமிர்ந்தார்கள். "மிஸ், படம் வரையணுமா?" என்றாள் ஒருத்தி.

"வேணாம்மா, பாரு. போதும்."

மங்கையர்க்கரசி அந்தக் கேள்வியை வைக்கவில்லை. கலியமூர்த்தி தானே வைத்தார். படம் வரையாதவர்களுக்கு மறுதேர்வு என்றார். மறுதேர்வு நேரத்திலும் மங்கையர்க்கரசி பிள்ளைகளை வயலுக்கே கூட்டிப் போனார். அதற்கு என்ன தேர்வு வைக்கலாம் என்று கலியமூர்த்தி யோசித்துக்கொண்டிருக்கிறார்.