நல்ல தண்ணிக் கிணத்தடி

இன்று காலை தேத்தண்ணிக் கேத்தலைக் கழுவப் போனால் அடியில் வெள்ளையாய்ப் படை பிடித்திருக்கிறது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. பயப்படாதீர்கள், அது வெறும் சுண்ணாம்பு. தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைத்துக் கரைந்துவிடும். மன்னார்ப் பக்கத்தில் பாதி வீட்டுக் கேத்தல் இப்படித்தான். ஆனால் எனக்கு அந்த வெள்ளையைக் கண்டால் ஷகிலாவின் முகம் வரும். வந்தால் பிறகு தேத்தண்ணி இறங்காது.

அப்போது எனக்குப் புது வேலை. ஊர் ஊராகப் போய்க் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துச் சோதிக்க வேண்டும், முடிவைச் சனத்துக்கு விளங்கப்படுத்த வேண்டும். சோதிப்பது சுகம். விளங்கப்படுத்துவதுதான் உயிரை வாங்கும். படித்த இரசாயனத்தையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு பேசாலையில் பஸ் ஏறுவேன். வழியில் வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்தாலே பெரிய காரியம் என்று வீட்டில் சிரிப்பார்கள்.

கொண்டச்சிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், பெயர் வேண்டாமே. சனம் இடம்பெயர்ந்து நெடுங்காலம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள். பற்றை வெட்டியபோது பழைய கிணறு ஒன்று அகப்பட்டது. சுற்றிவர எங்கும் சவர், அதில் மட்டும் நல்ல தண்ணி. எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: நாக்கில் உப்புக் கரிக்காத தண்ணீர். அந்த இடத்துக்கே நல்ல தண்ணிக் கிணத்தடி என்று பெயர் வந்துவிட்டது. கிணற்றைச் சுற்றி வெங்காயமும் மிளகாயும் போட்டார்கள். மணல் பசளையைப் பிடித்து வைக்காது. போட்ட யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறி, மழையோடு இறங்கிக் கிணற்றில் சேர்ந்தது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, அந்த அளவில் ருசியும் இல்லை.

அசர் தொழுகை முடிந்து பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். "இந்தக் கிணற்றுத் தண்ணி நல்லதில்லை" என்று தொடங்கினேன். முன் கதிரையிலிருந்து தோட்டக்காரர் காசிம் நானா எழும்பினார்.

"பிள்ளை, நீங்கள் குடிச்சுப் பாத்தனீங்களோ?"

"ஓம்."

"சவர்க்குதோ?"

"இல்லை."

"அப்ப நல்ல தண்ணிதானே."

மண்டபமே சிரித்தது. பலகையில் நைதரசன், ஒட்சிசன் என்று எழுதி அம்புக்குறி போட்டேன். அம்புக்குறியைப் பார்த்து யாருக்கு என்ன விளங்கும்? காசிம் நானா சிரிப்பை விட்டுவிட்டு மெல்லமாய்ச் சொன்னார்: "இந்தக் கிணத்த நம்பித்தான் நாங்கள் ஊரில தங்கினனாங்கள்."

அப்போதுதான் பெண்கள் பக்கத்தில் ஷகிலா எழும்பினாள். என் வயதுதான் இருக்கும். தோளில் கைக்குழந்தை.

"மிஸ், நான் பால்மா கரைக்கிற தண்ணியைக் கொதிக்க வைச்சுத்தான் பிள்ளைக்குக் குடுக்கிறன். அப்ப பிரச்சினை இல்லைத்தானே?"

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றுக்கு உயிரா இருக்கிறது, சாக? இதை எப்படிச் சொல்வதென்று முழித்தபோது மன்னார் உப்பளம் ஞாபகம் வந்தது.

"உப்பளத்தில தண்ணி வத்தினா உப்பும் சேந்து போகுதோ?"

"இல்லை, உப்புத் தங்கும்," என்றார்கள் நாலைந்து பேர்.

"அடுப்பில வைச்சாலும் அப்பிடித்தான். தண்ணிதான் ஆவியாப் போகும். இது போகாது. வத்த வத்தச் செறிவு கூடும்."

என் வாழ்நாளில் நான் கொடுத்த மிகத் தெளிவான விளக்கம் அதுதான். ஒருவருக்கும் இரண்டாம் தரம் சொல்லவேண்டி இருக்கவில்லை. காசிம் நானாகூட உட்கார்ந்துவிட்டார்.

ஷகிலா உட்காரவில்லை. "நான் ரெண்டு தரம் கொதிக்க வைக்கிறனான்," என்றாள். "பிள்ளைக்கு ஒண்டும் வந்திரக் கூடாதெண்டு."

கிட்டப் போய்க் குழந்தையைப் பார்த்தேன். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. குளிர் என்று நினைத்ததாகச் சொன்னாள். ஓட்டோ பிடித்து மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கைக்குழந்தையின் வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறும், அது இரத்தத்தில் கலந்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க மாட்டாது. ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடம். தெரிந்து என்ன, பயத்தில் வழி முழுக்க ஜெபமாலையைத்தான் உருட்டினேன். பக்கத்தில் அவள் யாசீன் ஓதிக்கொண்டு வந்தாள்.

பிள்ளை பிழைத்துவிட்டது. வார்ட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தபோது ஷகிலா சொன்னாள்: "பக்கத்து வீட்டில கொதிக்க வைக்காமலே குடுக்கிறாங்கள். அந்தப் பிள்ளைக்கு ஒண்டுமில்லை. கூடக் கவனமாப் பாத்த எனக்குத்தான்." அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இப்போதும் கூப்பிட்ட இடத்துக்குப் போய் விஞ்ஞானம் பேசுகிறேன். மின்சாரமும் நல்ல ஊக்கியும் இருந்தால் தண்ணீரிலுள்ள நைத்திரேற்றை மறுபடி அமோனியாவாக்கிப் பசளைக்கே எடுக்கலாம் என்று ஆய்வுகூடங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று நாம் நம்பியிருப்பதற்குக் கீழேயும் பெரியவர்களுக்கு நாளடைவில் கேடு உண்டோ என்ற சந்தேகமும் அண்மைய ஆய்வுகளில் எழுந்திருக்கிறது, முடிவு இன்னும் உறுதியில்லை. இதைச் சொல்லவேண்டிய இடம் வந்தால் முதலில் சபையைப் பார்க்கிறேன். கைக்குழந்தையோடு யாராவது இருந்தால், கூட்டம் முடிந்து தனியே சொல்லலாம் என்று தள்ளிவைக்கிறேன்.

போன மாதம் அந்த ஊருக்குப் போனேன். கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டு மூடிவிட்டார்கள். வெங்காயத் தோட்டமும் இல்லை. வீட்டுக்கு வீடு நீலப் பிளாஸ்டிக் கானில் பில்டர் தண்ணி வருகிறது. நல்ல தண்ணி என்று இப்போது யாரும் சொல்வதில்லை. ஓட்டோக்காரர்தான் இறங்குமிடத்துக்கு அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்.

ஷகிலா சோடா தந்தாள். அவள் வீட்டில் தேத்தண்ணி கிடையாது, குடிக்கிற தண்ணீரை அடுப்பில் வைக்க இன்னும் மனம் வரவில்லையாம். அன்று தோளில் கிடந்த மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, கானைச் சரித்து மடமடவென்று குடித்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது, தாய் சொன்னதேயில்லை.

"உம்மா, அங்க கிணறுமில்லை, தண்ணியுமில்லை. பிறகேன் நல்ல தண்ணிக் கிணத்தடி எண்டு பேர்?"

ஷகிலா கானின் மூடியை இறுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மிஸ்ஸைக் கேளு. அவ நல்லா விளங்கப்படுத்துவா."