பிரேக்குக்கு ஒரு மரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை கச்சிராயபாளையத்தில் காரை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சைக்கிள் கூட்டம் வந்து இறங்கியது. சைக்கிள் என்றால் நானும் நீங்களும் ஓட்டிய சைக்கிள் இல்லை. ஒவ்வொன்றும் நான் முதன்முதலில் வாங்கிய லாரியைவிட விலை ஜாஸ்தி இருக்கும். தலைக்கு ஹெல்மெட், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, தோலோடு தைத்த மாதிரி ஒரு டவுசர்... கல்வராயன் மலை ஏறப் போகிறார்களாம்.

அதில் ஒரு தம்பி என்னிடம் ரொம்ப அக்கறையாகச் சொன்னான். "அங்கிள், டிஸ்க் பிரேக் இல்லாம இந்த மலையில எறங்குனா அவ்ளோதான்!"

"நான் எறங்கியிருக்கேன் தம்பி. மரத்தைப் பிரேக்கா வச்சிகினு" என்றேன்.

பக்கத்தில் நின்றவனைப் பார்த்துக் கண்ணடித்தான். பெருசு என்னமோ உளறுகிறது என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும். வாராவாரம் என்னைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும் — நான் பெருமை பேசுவேன், பொய் பேசமாட்டேன். பொய்க்கு ஞாபகசக்தி வேண்டும். பெருமைக்கு நான் ஒருவனே போதும்.

இன்றைக்கு எனக்கு மூன்று ரைஸ் மில். எந்த ஆபீசுக்குப் போனாலும் நாற்காலி போடுகிறார்கள். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் நான் சொல்லப்போகிற காலத்தில் இந்த ஏழுமலை கள்ளக்குறிச்சியில் இன்னொருத்தர் மில்லில் மூட்டை தூக்குகிறவன். மீசை அப்போதுதான் கறுப்பா பழுப்பா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் போராட்டம் கொதித்த வருடங்கள் அவை. திடீர் திடீரென்று மறியல். புளியமரத்தை வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிடுவார்கள். பஸ் நின்றுவிடும். பஸ் ஸ்டாண்டில் மாடு படுத்திருக்கும். ஊருக்குள் ராஜா யார் தெரியுமா? சைக்கிள் வைத்திருப்பவன்!

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு சைக்கிள் குழு இருந்தது. ஏழெட்டுப் பேர். தலைவர், பேங்கில் கேஷியராக இருந்த கோதண்டம் சார். நோட்டு எண்ணுகிற மாதிரியே நிதானமாக பெடல் மிதிப்பார். அவருக்கு வலது கை அமீர் பாய், கடைத்தெருவில் டெய்லர். பேண்ட் தைக்க அளவெடுக்கும்போதே ஆளையும் அளந்துவிடுவார். வாய் மட்டும் தையல் போடாத வாய்.

ஞாயிறு தோறும் கோமுகி டேம் தாண்டி மலைக்குப் போவார்கள். நான் சேர ஆசைப்பட்டது மலைக்காக இல்லை. அந்தக் குழுவில் ஒரு வழக்கம் — சைக்கிள் மேல் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் எல்லோருக்கும் 'ங்க' போட வேண்டும். கேஷியர் டெய்லரை "வாங்க" என்பார். டெய்லர் மளிகைக் கடைப் பையனை "போங்க" என்பார். அவன் கிளார்க்கை "சொல்லுங்க" என்பான். இதைக் கேட்டுக்கேட்டு எனக்கு வாய் ஊறிவிட்டது. பிறந்ததிலிருந்து என்னை 'டேய்' தவிர வேறு எதுவும் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மூட்டைக்குக்கூட மில்லில் நம்பர் உண்டு. எனக்கு 'டேய்'.

ஆனால் சேருவதற்கு ஒரு பரீட்சை. மலை ஏறும்போது எல்லோரும் தள்ளிக்கொண்டுதான் ஏறுவார்கள், அதில் வெட்கமில்லை. இறங்கும்போது கால் தரையில் படக்கூடாது. பட்டால் நீ மெம்பர் இல்லை. அதுவரைக்கும் 'டேய்'தான்.

நானோ சமதரையிலேயே எதிரில் மாட்டுவண்டி வந்தால் இறங்கி ஓரமாக நின்றுவிடுவேன். மலை ரோடு நான் பார்த்ததே இல்லை. சைக்கிளும் என்னுடையது இல்லை, வாடகை. அதன் பிரேக்கை அழுத்தினால், யாரோ தூரத்தில் கூப்பிட்ட மாதிரி, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அதற்குக் காது கேட்கும்.

மறியல் இரண்டு நாளாக அடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். காலி ரோடு. கரும்புத் தோட்டம், மரவள்ளி, டேம்... எல்லாம் நல்லபடி போயிற்று. தள்ளித்தள்ளி மேலே ஏறினோம். மூச்சு வாங்கியது. திரும்பிக் கீழே பார்த்தேன். ரோடு பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு போகிறது.

அப்போதுதான் கோதண்டம் சார் பையிலிருந்து அரிவாளையும் கயிற்றையும் எடுத்தார்.

பயந்துவிடாதீர்கள். அதுதான் அவர்களுடைய மலை டெக்னிக். உண்ணிப் புதரில் ஒரு கிளை வெட்டி, கயிறு போட்டு கேரியரில் கட்டிவிட வேண்டும். அது பின்னால் ரோட்டில் தேய்ந்துகொண்டே வரும். சைக்கிள் ஓடாமல் அடக்கமாக இறங்கும். பிரேக் கட்டையும் தேயாது. தைரியசாலி சின்னக் கிளை கட்டுவான். பயந்தவன் பெரிய கிளை. கிளையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம்.

நான் சுற்றும்முற்றும் பார்த்தேன். உண்ணிப் புதர் என் பயத்துக்குப் போதாது என்று தோன்றியது. கொஞ்சம் தள்ளி ஒரு மரம் தாழ்வாக ஒரு கிளையை நீட்டிக்கொண்டு நின்றது. தொடை தண்டி. வெட்டினேன். இலை தழையோடு இழுத்து வந்தேன்.

அமீர் பாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "இன்னாடா ஏழுமல, வூடு கட்டப் போறியா?"

"பிரேக்குக்கு பாய்."

"பிரேக்கா? டேய், இத கட்டுனா நீ எறங்கமாட்ட. மலதான் உன் பின்னாடி எறங்கி வரும்!"

எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கோதண்டம் சார் மட்டும், "வுடுங்க பாய், மொத தபா. உசுரோட வந்து சேந்தா சரி" என்றார்.

நான் கட்டினேன். யாருக்காக வெட்கப்பட வேண்டும்? வெட்கப்பட்டவனெல்லாம் மில் வாங்கியிருக்கிறானா?

இறங்கினோம். ஊர்வலம் மாதிரி. முன்னால் சின்னச் சின்னச் செடிகள், கடைசியில் என் மரம். சர்ர்ர்ர் என்று ஒரே சத்தம், புழுதி. என் சைக்கிள் தேர் மாதிரி அசைந்து வந்தது. சில இடத்தில் இறக்கத்திலும் பெடல் மிதிக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆனால் கால்? தரையில் படவே இல்லை. கடைசி வளைவு. அதைத் தாண்டி ஒரு இறக்கம், பிறகு சமதரை. தாண்டினால் எனக்கு 'ங்க'.

தாண்டினோம். இறக்கம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு போலீஸ் ஜீப் நின்றுகொண்டிருந்தது.

பேப்பர் வரி விடாமல் படிக்கிற கோதண்டம் சாருக்கோ, ஊர் வம்பெல்லாம் தெரிந்த அமீர் பாய்க்கோ, நாங்கள் எந்தக் காலத்தில் எதைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறோம் என்று அதுவரை தோன்றவே இல்லை. மரம் வெட்டுகிறவனைத் தேடி ஜில்லா பூரா போலீஸ் அலைகிறது. நாங்கள் அவர்கள் வாசலுக்கே டோர் டெலிவரி செய்திருக்கிறோம்!

ஏட்டு ஒருத்தர், கூட இரண்டு கான்ஸ்டபிள். ஏட்டு லத்தியை நீட்டி எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொரு செடியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் மரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இத எந்த ரோட்டுல போடப் போறீங்க?"

"ரோட்டுல போட இல்ல சார், பிரேக்குக்கு..." என்றார் கோதண்டம் சார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கொஞ்சம் இங்கிலீஷும் பேசினார். ஏட்டுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. பையைத் திறக்கச் சொன்னார். அரிவாள். கயிறு.

"மரம் இருக்குது, அருவா இருக்குது, கயிறு இருக்குது. இங்கிலீஷ் வேற இருக்குது. யாருடா இதுல லீடரு?"

கோதண்டம் சார் முகத்தில் ரத்தமே இல்லை. மறியல் கேஸில் பேர் வந்தால் அவர் பேங்க் வேலை என்ன ஆகும்? வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற தங்கச்சி வேறு. அவர் என்னைப் பார்த்தார். என் மரத்தைப் பார்த்தார்.

"இவருதாங்க" என்றார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை.

"ஆமாங்க, ஏழுமலை சார்தாங்க எங்களுக்கு எல்லாம்" என்று அமீர் பாயும் கையைக் காட்டினார்.

கேட்டீர்களா? சார்! எவ்வளவு நாள் ஏங்கியிருப்பேன்! வந்தது பாருங்கள், ஜீப்புக்குப் பக்கத்தில் வைத்து. அன்றைக்கு ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன், அது இன்றைக்கும் வியாபாரத்தில் உதவுகிறது: உங்களை யாராவது திடீரென்று தலைவராக்கினால், சந்தோஷப்படுவதற்கு முன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு ஒருவனாக இருந்தால் அழுதிருப்பான். எனக்கும் அழுகை தொண்டை வரை வந்தது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "ஆமாங்கய்யா, நான்தான். ஆனா இது பிரேக்குதாங்கய்யா. வேணும்னா நீங்களே சோதிச்சுப் பாருங்க."

ஏட்டு மீசையைத் தடவினார். ஆளுக்குக் குசும்பு ஜாஸ்தி என்பது அப்போதுதான் தெரிந்தது.

"சரி. மரத்த அவுத்துடு. அந்த வளைவுலேருந்து சும்மா எறங்கி வா. இங்க என் எதிர்ல ஒழுங்கா வந்து நின்னேன்னு வையி, பிரேக்குன்றது பொய்யி. அல்லாரும் ஜீப்புல ஏறுங்க. நிக்க முடியலன்னா, நீ சொன்னது நெசம்."

புரிகிறதா என் நிலைமை? நன்றாக ஓட்டினால் ஜெயில். விழுந்தால் விடுதலை. ஆனால் இறக்கம் இன்னும் முடியவில்லை, கால் ஊன்றினால் குழு போச்சு. உலகத்தில் எந்த டிரைவிங் டெஸ்டிலாவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனேன். அமீர் பாய் காதோரம் வந்து, "வுழுந்துடுப்பா... நல்லா இருப்ப" என்றார். கோதண்டம் சார் குரல் கம்மிப் போய், "பாத்து வுழுங்க" என்றார். இத்தனை மரியாதையோடு ஒருத்தனை விழச் சொல்லி நான் கேட்டதில்லை.

வளைவில் ஏறி உட்கார்ந்தேன். விட்டேன்.

நான் பிரேக் பிடித்தேனா என்று பிற்பாடு பல பேர் கேட்டிருக்கிறார்கள். பிடித்தேன். அதுதான் பிடிக்கவில்லை. காற்று சட்டையைப் பிய்க்கிறது. ரோட்டோரப் புதரெல்லாம் பச்சைக் கோடாக ஓடுகிறது. செருப்பைத் தரையில் தேய்த்தால் கொஞ்சம் அடங்கும். கால் தானாக இறங்கப் பார்த்தது...

விடுவேனா? மேலேயிருந்து இவ்வளவு தூரம் ஊன்றாமல் வந்துவிட்டு, கடைசியில் ஊன்றுவதா? இரண்டு காலையும் ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கிவிட்டேன்!

ஏட்டு எதிரில் நான் நிற்கவில்லை. அவரைத் தாண்டினேன். ஜீப்பைத் தாண்டினேன். "ஐயோ ஐயோ" என்று யாரோ கத்தினார்கள். ரோட்டோர வாய்க்கால் கரையில் முன்சக்கரம் மோத, சைக்கிள் அங்கேயே நின்றது. நான் மட்டும் பயணத்தைத் தொடர்ந்தேன். நடவு வயல் சேற்றில் தலைகீழாகப் போய்ச் சொருகினேன்.

நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து, ரோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டய்யா! நடவுக்கு ஆளு பத்தலன்னா இப்படியா வுட்டு எறிவாங்க?"

ஏட்டு சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்று விழுந்தது. "பிரேக்குதான்யா, பிரேக்குதான்! போங்க அல்லாரும். மரத்த மட்டும் ஓரமா போட்டுட்டுப் போங்க. நடு ரோட்டுல போட்டுட்டுப் போனீங்க, தோல உரிச்சிடுவேன்!" அரிவாளை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை.

வாய்க்காலில் என்னைக் கழுவி உட்கார வைத்தார்கள். கை கால் எல்லாம் இருந்தது. நான் கேட்ட முதல் கேள்வி, "சார், நான் மெம்பரா?"

கோதண்டம் சார் தயங்கினார். அவருக்குச் சட்டம் சட்டம்தான். "இல்ல ஏழுமல... கடைசியில வுழுந்துட்டியே..."

அமீர் பாய் துள்ளி எழுந்தார். "இன்னா சார் பேசறீங்க? ரூலு இன்னா? கால் ஊணக்கூடாது. நான் பாத்துகினே இருந்தேன். கால் ரெண்டும் கடைசி வரிக்கும் வானத்துலதான் இருந்துச்சி. ஊணுனது தல! தலையப் பத்தி ரூல்ல எங்க இருக்குது?"

கோதண்டம் சார் கொஞ்ச நேரம் வாய்க்கால் தண்ணீரையே பார்த்தார். அந்த யோசனை முடிவதற்குள் எனக்கு இரண்டாவது தடவை உயிர் போய் வந்தது. "பேங்கா இருந்தா இத பாஸ் பண்ணமாட்டேன்" என்றார் கடைசியில். பிறகு கையை நீட்டி, "எழுந்திரிங்க" என்றார்.

தலைவராக்கி நீட்டிய 'ங்க' வேறு, இது வேறு. எனக்கு வித்தியாசம் தெரிந்தது. கழுவின முகம் ஈரமாகவே இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொண்டது யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு காலை. மில்லில் கடைசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தேன். முதலாளி வாசலில் நின்றிருந்தார். மில்லுக்கு முன்னால் சைக்கிள் மணி கேட்டது. கோதண்டம் சார் ஒரு காலைப் பெடலில் வைத்தபடி கூப்பிட்டார். "ஏழுமலை, கெளம்பலாங்களா?"

அந்த 'ங்க' காதில் விழுந்ததும், பேங்க் கேஷியர் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டு தயாரானார். என்னைத்தான் கூப்பிட்டார் என்று புரிந்துகொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அதற்குப் பிறகும் அவர் என்னை 'டேய்' என்றுதான் கூப்பிட்டார். ஆனால், பக்கத்தில் நான் சைக்கிள் ஏதும் வைத்திருக்கிறேனா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்ட பிறகுதான்!