எருமைக்கு ஒரு தோட்டா

மாமா துப்பாக்கியால் யானைக்கு வெடி வைத்தவர் என்பது பாரிஸில் தமிழர் கூடும் லா ஷப்பலில் பலருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவின் தம்பி, வன்னியிலிருந்து வந்து எங்கள் குடும்பத்தைத் தாங்கியவர். அவர் வாயால் அந்தக் கதையை நான் கேட்டதில்லை. அதனாலேயே வகுப்பில் அதைத் தாராளமாகப் பெருக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மாமா வேலை செய்த உணவகத்தின் பிரெஞ்சு முதலாளி ஆப்பிரிக்காவுக்கு எருமை வேட்டைக்குப் புறப்பட்டார். யானையைச் சுட்டவரைக் கேட்காமல் தோட்டா வாங்க அவருக்கு மனமில்லை. மாமாவின் பிரெஞ்சோ சமையலறையைத் தாண்டாது. ஆகவே ஒரு புதன்கிழமை பின்னேரம், பள்ளிக்கூடச் சிறுமியான நானும் மொழிபெயர்ப்பாளராகத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் இரண்டு தோட்டாக்களை மேசையில் நிறுத்தினார். சிறியது, முதலாளி வழக்கமாகக் காட்டுப்பன்றிக்குப் போடுவது. பெரியது எருமையின் எலும்பையும் துளைக்கும்; ஆனால் சுடுகிறவரின் தோளில் பலமாக உதைக்கும். முதலாளிக்கு ஏற்கெனவே தோள்வலி. சிறியதே போதாதா என்று மாமாவைப் பார்த்தார்.

மாமா சிறியதைக் கையிலெடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"வேண்டாமெண்டு சொல்லு, பிள்ளை. வயலுக்கு வந்த யானைக்குப் பன்றிக்குப் போடுற சன்னத்தாலைதான் நானும் வெடி வைச்சனான். சன்னம் ஆழமாப் போகேல்லை. யானை சாகேல்லை."

சொன்னேன்.

"பிறகு?" என்றார் முதலாளி.

"காயத்தோடை பத்தைக்குள்ளை நிண்டது. அடுத்தநாள் அந்தப் பக்கம் போன எங்கட வீட்டு ஆள் ஒருத்தரை அடிச்சுப்போட்டுது."

அதையும் ஒரு சொல் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். இலக்கணம் எங்கும் பிசகவில்லை என்று எனக்குப் பெருமையாக இருந்தது. முதலாளியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. பெரியதையே வாங்கினார், தோளுக்குப் பழகும்வரை பயிற்சி எடுத்து, வேட்டைக்குப் போய்ச் சுகமாகத் திரும்பியும் வந்தார்.

வரும் வழியில் மாமா ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு தமிழ்க் கடையில் எனக்கு ரோல்ஸ் வாங்கித் தந்தார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை.

"அது ஆர் மாமா, யானை அடிச்ச ஆள்?"

"உனக்குத் தெரியாத ஆள், பிள்ளை."

அவர் பொய் சொல்லவில்லை. அப்பா இறந்தபோது நான் அம்மாவின் வயிற்றில் இருந்தேன். ஊரில் ஏதோ விபத்து என்று மட்டுமே எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த யானையைப் பற்றி அம்மா வாய்திறந்தது என் கல்யாணத்துக்கு முதல் வாரம். அதுவரை தம்பியைக் குறை சொல்லி ஒரு வார்த்தை அவரிடமிருந்து நான் கேட்டதில்லை.

அன்றைக்கோ, தெரியாத ஆள்தானே என்று எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ரோல்ஸ் வேண்டும் என்றேன்.