என் மண்ணைச் சோதிக்க வந்தவர்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் ராஜபாளையத்தில் நூற்பாலை, தளவாய்புரம் ரோட்டில் அரிசி ஆலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண மண்டபம், எல்லாம் நான் எழுப்பியவை. மண்டபத்து வெக்கையைக் குழாய் வழியாகப் பூமிக்குள் இறக்கிக் குளிரவைக்க இடம் தோதுப்படுமா என்று பார்க்க ஒரு இன்ஜினியர் பெண் வந்தார். ஒல்லியான உடம்பு, செம்மண் அப்பிய ஷூ. மீட்டரைப் பார்க்குமுன் குழாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்.

ஆழத் துளைபோட்டு அதற்குள் வெந்நீரைச் சுற்றவிட்டவர், "சோதனை முடியுற வரைக்கும் பக்கத்து போர் மோட்டாரைப் போட்ராதிய ஐயா. அடியில தண்ணி ஓடுனா சூட்டை இழுத்துட்டுப் போயிரும், மண்ணு நல்லாருக்க மாதிரி காட்டும்" என்றார்.

"என் மண்ணு எதுலயும் தோக்காதும்மா."

"மண்ணுக்கு உங்களைத் தெரியாதே ஐயா!" என்று சிரித்தார்.

அவர் அந்தப் பக்கம் போனபோதெல்லாம் மோட்டாரைப் போட்டேன். இடம் தேறியது. அந்தக் கணக்கை வைத்தே மண்டபத்துக்குக் குழாய் பதித்தார்கள்.

சித்திரையில் முதல் கல்யாணத்திலேயே மண்டபம் கொதித்தது. பெண் வீட்டார் ஏசினார்கள். "என் கணக்குதான் தப்பு" என்று இன்ஜினியர் அவர்களைக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை.

இன்றும் ஊர் அவரைத்தான் குறை சொல்கிறது. அவர் கணக்கில் பிழை இல்லை, கெடுத்தவன் நான். இதில் என் பங்கை விட்டுவிட்டு இனி ஒருவரும் பேசக்கூடாது.