அண்ணனின் டிஸ்டார்ஷன் பெடல்

அண்ணன் அந்தப் பெடலை என்னிடம் முதலில் கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆம்பூரில் ஆராதனை முடிந்த கையோடு, தோளில் கிதாரும் கையில் சின்ன ஆம்ப்ளிஃபயருமாக பஸ் ஏறி, சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"இதுல இன்னாமோ கோளாறு. பாட்டு மேல போர்வை போட்டு மூடினாப்ல இருக்கு. நீ தான் பார்க்கணும்."

டிஸ்டார்ஷன் பெடல் என்பது உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி. கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் தரையில் கிடக்கும். காலால் ஒரு அமுக்கு அமுக்கினால் கம்பியின் சத்தம் கரகரத்து, கிழிந்து, நீளமாக இழுக்கும். அண்ணன் அதை ஆறு மாதம் ஆசைப்பட்டு வாங்கியிருந்தான். நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கருவிகள் பழுது பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். மானிட்டர், பம்ப், பி.பி. மிஷின் என்று தினம் எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பவளுக்கு இது பெரிய வேலை இல்லை.

திறந்து பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான், அந்தப் பெடல் கொஞ்சம் மந்தம். கூர்மையான சத்தத்தை வடிகட்டும் கெப்பாசிட்டர் ஒன்று பெரிய அளவில் இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சின்னதாகப் போட்டேன். சத்தத்தைக் கிழிக்கும் இரண்டு டயோடுகளுக்குப் பதிலாக இரண்டு சிவப்பு எல்.இ.டி. வைத்தேன். அண்ணன் அமுக்கி, எல்லாக் கம்பியையும் சேர்த்து ஒரு கார்டு அடித்தான். சமையலறைப் பாத்திரம் வரைக்கும் அதிர்ந்தது. அவன் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. வாசித்துக்கொண்டே இருந்தான், சாப்பாடு ஆறிப்போயிற்று.

அடுத்த ஞாயிறு சபையில் எல்லோரும் கேட்டார்களாம், பெடல் புதுசா என்று. "தங்கச்சி செஞ்சது" என்று போன இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

அண்ணன் ஆம்பூர்ப் பக்கம் ஒரு டேனரியில் ஷேவிங் மிஷின் ஓட்டினான். பதப்படுத்தின தோலை ஒரே கனத்துக்குச் சீவித் தள்ளும் மிஷின். நான் ஒரே ஒரு தடவை உள்ளே போயிருக்கிறேன். பக்கத்தில் நிற்பவர் வாயசைப்பது தெரியும், குரல் வராது. காதில் வைக்க அடைப்பான் கொடுத்திருந்தார்கள். அண்ணன் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பான். "அதைப் போட்டா பிளேடு தோலைப் பிடிக்கிறது காதுக்குத் தெரியாது. தெரியலைன்னா தோல் கிழிஞ்சிடும்" என்பான். பதினேழு வருஷம் அப்படித்தான் ஓட்டினான்.

ஒரு வருஷம் கழித்து மறுபடி வந்தான். "திரும்ப மூடிக்கிச்சு."

பிரித்துப் பார்த்தேன். எல்லா பாகமும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் கேட்டானே என்று கெப்பாசிட்டரை இன்னும் சின்னதாக்கினேன். சந்தோஷமாகப் போனான். எட்டு மாதத்தில் மூன்றாவது தடவை வந்தான், அதைவிடச் சின்னதாகப் போட்டுக் கொடுத்தேன். அப்போது அவன் வாசித்ததைக் கேட்டு எனக்குப் பல் கூசியது. "ரொம்ப ஜாஸ்தியா இருக்குண்ணா" என்றேன். "இப்ப தான் கரெக்டா இருக்கு" என்றான். அவன் கிதார்காரன், அவனுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

பிறகு சபையின் பாடகர் குழுவை நடத்துகிற டீச்சர் எனக்கு போன் செய்தார். ரொம்பத் தயங்கினார்.

"அண்ணன் கிட்ட எங்களால சொல்ல முடியலம்மா. மனசு கஷ்டப்படுவார். முன் பெஞ்சுல இருக்கறவங்க காதைப் பொத்திக்கிறாங்க. நீங்க தான் அந்தப் பெட்டியைச் சரி பண்ணித் தர்றீங்கன்னு சொன்னார். கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா?"

அந்த வாரமே அண்ணன் வந்தான். டீச்சர் போன் செய்ததை நான் சொல்லவில்லை. நாலாவது தடவையாக அதே புகார். மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். பெடலைக் கவிழ்த்து மூடியைக் கழற்றி, மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டேன். இணைப்பு சரியாக இருந்தால் மீட்டர் பீப் என்று கத்தும். தொட்ட இடமெல்லாம் கத்தியது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "இன்னா, ஒண்ணுமே சத்தம் வரல? உள்ள வயர் கட்டாயிருக்கா?"

மீட்டர் என் கையில் கத்திக்கொண்டிருந்தது. எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பதிலுக்காக. அவனுக்கு நான் பேசுவது கேட்டது, மின்விசிறி கேட்டது, அந்த பீப் மட்டும் கேட்கவே இல்லை.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தினம் ஆஸ்பத்திரியில் இருப்பவள், ஒரு வார்த்தை சொல்லி அவனைக் கூட்டிப் போயிருக்கலாம். "மீட்டர்ல பேட்டரி வீக்குண்ணா" என்றேன். அவன் கை கழுவப் போன நேரத்தில் சின்ன கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு, முதல் தடவை போட்ட அளவையே திரும்ப வைத்துப் பற்றவைத்தேன். வந்து உட்கார்ந்ததும் "இன்னும் கொஞ்சம் தூக்கியிருக்கேன், வாசிச்சுப் பாரு" என்றேன்.

வாசித்தான். நிறுத்தினான். குமிழைத் திருகி மறுபடி வாசித்தான்.

"முன்னைக்கு இப்ப இன்னும் மூடினாப்ல இல்ல?"

"இல்லண்ணா. நல்லா பளிச்சுனு இருக்கு."

"நெஜமா?"

"நெஜமாத்தான்."

"நீ சொன்னா சரி" என்று பெடலைப் பையில் வைத்தான்.

டீச்சர் அந்த ஞாயிறு அவன் வாசித்த வீடியோவை அனுப்பிவிட்டு, மறுபடி போன் செய்து நன்றி சொன்னார். பழைய அருமையான சத்தம் வந்துவிட்டது, எல்லோரும் அண்ணனைக் கைகுலுக்கிப் பாராட்டினார்கள் என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது அதைச் சொல்ல, ஆனால் நிம்மதியாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்து அண்ணி பேசினாள். "உங்கண்ணன் கிதாரைத் தொடுறதே இல்ல. சபைக்கும் வெறுங்கையோட தான் வர்றாரு. கேட்டா, எனக்கு வாசிப்பு போயிடுச்சுங்கறாரு. ராத்திரி சோறு கூட சரியா எறங்கறதில்ல."

மறுநாள் லீவு போட்டு ஆம்பூர் போனேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டர் கத்தியதை, அவனுக்குக் கேட்காததை, நான் பழைய பாகத்தை மாட்டியதை, பொய் சொன்னதை. டீச்சர் போன் செய்ததையும் சொல்லிவிட்டேன்.

கத்துவான் என்று நினைத்தேன். செய்தித்தாளை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான்.

"எனக்கு மூடினாப்ல கேக்குது. நீ பளிச்சுனு இருக்குங்கற. ஊர்ல எல்லாரும் சூப்பருங்கறாங்க. அப்ப கோளாறு என் கையிலன்னு நெனச்சேன். விரல் சரியா அழுத்தலையோன்னு மணிக்கணக்கா அழுத்திப் பார்த்தேன். தோல் உரிஞ்சு போச்சு." விரல்களை என் பக்கம் நீட்டினான். "காதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த மூணு மாசம் அந்த மிஷின் கிட்டயாவது நின்னிருக்க மாட்டேனே."

அண்ணி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை. அழுவதற்கு எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் காது பரிசோதனைக்கு நானே கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். முதலில் வேகமாக அழுத்தினான். போகப் போக கை சும்மா இருந்தது. வெளியே திரையில் சத்தம் போய்க்கொண்டே இருப்பதை நான் பார்த்தேன். அவன் ஏதோ வரப்போகிறது என்று தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். ரிப்போர்ட்டில் இரண்டு காதின் கோடுகளும், கூர்மையான சத்தங்களைக் காட்டும் வலது பக்கத்தில் செங்குத்தாக இறங்கியிருந்தன. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர்.

டேனரியில் பேசி செலக்ஷன் மேஜைக்கு மாற்றிக்கொண்டான். தோலைக் கண்ணால் பார்த்து, கையால் தடவித் தரம் பிரிக்கிற வேலை. அமைதியான இடம். காதுக்குக் கருவி வந்தது. பேச்சுக்கு அது உதவியது. கிதாரை எடுத்தால் தகரத்தில் ஆணியால் கீறுவது மாதிரி இருக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டான்.

அப்புறம் ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தபோது கேட்டான். "கடைசியா சபையில வாசிச்சேனே, நீ அந்தப் பழைய பார்ட்டைப் போட்டுக் குடுத்தப்புறம். டீச்சர் வீடியோ அனுப்பியிருந்தாங்கல்ல. எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணா. நீ வாசிச்சதுலயே அது தான் பெஸ்ட்."

"நீ சொல்ற, எனக்குத் தான் தெரியல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. நான் சொன்னது உண்மை. அதை நம்ப அவனுக்கு வழியில்லாமல் செய்தவளும் நான் தான்.

இப்போது சபையில் வேறு ஒருவர் கிதார் வாசிக்கிறார். அண்ணன் கடைசி பெஞ்சில், பெட்டி ஸ்பீக்கரை ஒட்டி உட்காருகிறான். பேஸ் கிதாரின் தடித்த அதிர்வு அங்கே மர பெஞ்சு வழியாக முதுகில் தெரியுமாம். போன மாதம் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியதும் என் கையை எடுத்து பெஞ்சின் மேல் வைத்து, "தெரியுதா?" என்று கேட்டான். தெரியுது என்றேன்.